சாப்பாட்டில் முடி, வாசலில் நான்

என்னை முதல்முறை வேலையை விட்டுத் துரத்தியது ஒரு முடிக்காக. அது என் முடிகூட இல்லை. குட்டையாய், செம்பட்டையாய், வறுத்த மீனின் மேல் சுருண்டு கிடந்தது. என் முடி இடுப்பு வரை வரும். நரை எட்டிப் பார்க்கிற இடம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. வேலை நேரத்தில் கொண்டை போட்டு, மேலே துணி கட்டி, அதன் மேல் ஒரு முடிச்சும் போட்டிருப்பேன். அந்தச் செம்பட்டை முடி யாருடையது என்று சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் தெரியும். மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் போடுகிறவர் எங்கள் முதலாளி ஒருவர்தான். வெந்துவிட்டதா பார்க்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு சட்டிக்குள்ளும் தலையை விடுகிறவரும் அவர்தான்.

அன்றைக்கு அவர் சமையலறைக்குள் ஓடி வந்தார்.

"ஏம்மா, ஒரு உதவி பண்ணு. வெளிய வந்து தலையைக் குனிஞ்சு நில்லு. நான் நாலு சத்தம் போடுவேன், வேலைய விட்டுப் போன்னு சொல்வேன். நீ முன்வாசல் வழியா போயிட்டு, சந்துல சுத்திப் பின்வாசல் வழியா வந்துடு. சீக்கிரம் வா, அடுப்புல சூப்பு இருக்கு."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணிரண்டும் கொட்டிக்கொண்டிருந்தன. அப்படியே போய் நின்றேன். முடியைக் கண்டுபிடித்த அம்மாள் என் கண்ணைப் பார்த்ததும் முகம் தெளிந்து, மிச்ச மீனை முள் மட்டும் விட்டுவைத்துச் சாப்பிட்டு முடித்தாளாம். நான் சந்து சுற்றி உள்ளே வந்தபோது சமையல் மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. முதலாளி கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. அதை அவர் பெருமையாகவே சொல்வார். தட்டில் அசிங்கத்தைக் கண்ட ஆளுக்கு வேறு தட்டு வைத்தாலும் ஆறாது, காசு வேண்டாம் என்றாலும் ஆறாது, ஐஸ்கிரீம் கொடுத்தால் அதையும் கரண்டியால் கிளறிக் கிளறித்தான் பார்ப்பான். கண்ணெதிரே ஒருத்திக்கு வேலை போனால் உடனே ஆறிவிடும். "ஐயோ பாவம், நம்மால ஒரு குடும்பத்துக்கு…" என்று வாய் சொல்லும், கை ரொட்டியைப் பிய்க்கும். மறுவாரம் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வருவான். முதலாளி சொன்னது அத்தனையும் சரி. மனுஷ ஜாதி மேல் எனக்கு இருந்த மரியாதையில் பாதி கரைந்தது அந்தக் கடையில்தான்.

ஏன் நான் என்றால், வேறு ஆள் தேறவில்லை. மாஸ்டரைக் கேட்டதற்கு, "என்னைத் திட்டினா கரண்டியோட போயிடுவேன், அப்புறம் நீங்கதான் கிண்டணும்" என்றுவிட்டார். பரிமாறுகிறவரை ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்கள். அவருக்குப் புயல் என்று பேர். நடையின் வேகத்தைப் பார்த்து வைத்த பேர். தண்ணீர் கேட்டால் தாகம் தீர்ந்தபிறகு கொண்டுவருவார். திட்டு பாதியில் இருக்கும்போதே புயல் கெக்கெக்கே என்று சிரித்துவிட, எல்லாம் கெட்டது. எனக்கோ வெங்காயத்தின் புண்ணியத்தில் கண்ணில் எப்போதும் தண்ணீர் தயார்.

அப்புறம் என்னென்னவோ. ரொட்டிக்குள் ஒரு ரப்பர் வளையம். சூப்பில் ஈ. சாதத்துக்குள் பாதி எரிந்த தீக்குச்சி. ஒருநாள் அவித்த காய்கறிக்கு நடுவில், மாஸ்டர் காலையில் தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. அதற்கும் நான்தான் போய் நின்றேன், பத்து விரலும் முழுசாக இருக்க. மதியம் ஒருமுறை துரத்தப்பட்டு, சாயங்காலம் இன்னொரு முறை துரத்தப்பட்ட நாளும் உண்டு.

இத்தனைக்கும் வீட்டில் என்னைப் பற்றி வேறு பேச்சு. "இவ தண்ணியையே சோப்பு போட்டுக் கழுவுறவ" என்பார் வீட்டுக்காரர். கீரை ஆய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். அரிசி கழுவிய தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். என் அடுப்பில் வெந்ததை யாரும் கிளறிப் பார்க்காமல் சாப்பிடலாம், அது போதும் எனக்கு.

ஒருநாள் முன்வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினபோது, பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். சாப்பிட்ட கையைக்கூட அப்போதுதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க, நல்லதுக்குத்தான் சொல்றேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவப் பழகுங்க. அடுத்த இடத்துல வேலை கெடைச்சாலாவது நிலைச்சு நில்லுங்க."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? சந்துக்குள் போய்க் காலி எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. உள்ளேயிருந்து மாஸ்டர், "தங்கச்சி, வெங்காயம்" என்று கூப்பிடவும் எழுந்து போனேன்.

அடுத்து வந்தது கரப்பான்பூச்சி. பச்சைக் காய்கறித் துண்டுகளுக்கு நடுவில், கால் ஒன்று குறைய, கம்பீரமாகப் படுத்திருந்தது. அன்றைக்குக் கடை நிறையக் கூட்டம். முதலாளி வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினார். நானும் வழக்கம்போல் நின்றேன், போனேன், வந்தேன்.

அதற்கப்புறம் என் மகளின் சாப்பாட்டு டப்பா கனமாகவே திரும்பி வர ஆரம்பித்தது. அவள் ஏழாம் வகுப்பு. மதியம் பிள்ளைகள் எல்லாரும் டப்பாக்களை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கை எடுத்துச் சாப்பிடுவார்கள். என் டப்பாதான் முதலில் காலியாகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் நானும் மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு அழுத்தித்தான் கட்டி அனுப்புவேன். இப்போது அவள் ஓரத்தில் கொஞ்சம் தின்றது தவிர மற்றது அப்படியே வந்தது.

"ஏண்டி, உப்பு கூடப் போச்சா?"

"இல்லம்மா. யாரும் எடுத்துக்கல."

"ஏன்?"

பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாக்ஸைக் கழற்றினாள். நான் விடவில்லை, எதிரில் போய் நின்றேன்.

"என் பக்கத்து சீட்டுக்காரியோட அம்மா உன்னை ஹோட்டல்ல பாத்தாங்களாம். சாப்பாட்டுல கரப்பான்பூச்சி இருந்ததுக்கு உன்னை வெரட்டிவிட்டாங்களாம். என் டப்பாவுல கை வைக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லிட்டாங்க. அவ கிளாஸ் பூராவும் சொல்லிட்டா."

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடி, ஈ, சந்து, பின்வாசல், எல்லாம் சும்மா நடிப்பு என்று. சிரிக்கவைக்கலாம் என்று புயல் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க ஸ்கூல்ல நாடகம் முடிஞ்சா நடிச்சவங்க எல்லாரும் வந்து வரிசையா நின்னு கும்பிடுவாங்க. திருடனா நடிச்ச பையனும் வருவான். நீ ஏம்மா வரல?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திருடனாக நடித்தவனுக்கும் கடைசியில் கைதட்டல் கிடைக்கிறது. நான் மட்டும் திருடியாகவே தெருவில் இறங்கி நடந்திருக்கிறேன், பார்த்தவர்கள் அத்தனை பேரும் என்னை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு அருவருப்பான பேச்சு. என் பிள்ளை அதற்காகத் தனியாக உட்கார்ந்து தின்கிறாள்.

காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் போனேன். "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. என் பேரு ஊரெல்லாம் நாறுது" என்றேன்.

"பள்ளிக்கூடத்துப் பசங்கதானே, நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"அவ நாலு நாள் எதைத் தின்பா?"

"சரி சரி, பாக்கலாம்" என்று கையை ஆட்டினார். அந்தப் பாக்கலாமுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பூசி மெழுகிய பேச்சு.

பள்ளிக்கு விடுமுறை வந்தது. "நானும் உன்கூட வரேன்" என்றாள் மகள். சமையலறையில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தேன். புத்தகத்தை விரித்து வைத்திருந்தாளே தவிர, கண் என் கையிலேயே இருந்தது. நான் காய் கழுவுவதைப் பார்த்தாள், பலகையைத் துடைப்பதைப் பார்த்தாள், கத்தியைக் கழுவுவதைப் பார்த்தாள். பெற்ற தாயைச் சோதனை போடுகிறாள் என்று கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மதியக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது கூடத்திலிருந்து ஒரு கத்தல். புயல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான், அதனாலேயே விஷயம் பெரிது என்று புரிந்தது.

"அக்கா, ஒரு பெரியவருக்கு வாயில ரத்தம். சூப்புல கம்பி இருந்திருக்கு. ஈறுல குத்திடுச்சு."

என்ன கம்பி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியடியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் தொங்கிக்கொண்டிருந்தது. நார் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பிய்ந்து, கொட்டி, கையளவு இருந்தது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகியிருந்தது. பாத்திரம் தேய்க்கிற பெண் புதிது, பயந்த சுபாவம். அவள் கேட்டுக் கிடைக்காமல் நான் கேட்டேன். நான் கேட்டுக் கிடைக்காமல் மாஸ்டர் கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்பதுதான் மூன்று பேருக்கும் பதில். இப்போது அந்தப் பெண் ஈரக் கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

முதலாளி உள்ளே நுழைந்தார். வேர்த்து வழிந்திருந்தது.

"வாம்மா, சீக்கிரம்."

"நான் வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்."

"ரத்தம் வந்திருக்கு. அந்தாளு புகார் குடுக்கப் போறேங்கறான். இது ஒண்ணுக்கு மட்டும் வா."

"ஒரு தடவகூட வரமாட்டேன்."

அவர் என் மகளைப் பார்த்தார். குரலில் தேன் வடிந்தது. "பாப்பா, அம்மா சும்மா நடிக்கத்தான் போறாங்க. நீ பயப்படாத, என்ன?"

என் மகள் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அம்மா என்ன செய்கிறாள் என்று பார்க்கிற பார்வை, அவ்வளவுதான்.

முதலாளிக்குத் தேன் தீர்ந்துவிட்டது. "இங்க பாரு, வெளிய வந்து பொய்யா வேலைய விட்டுப் போ. இல்லன்னா நெஜமாவே போ. எது வேணுமோ நீயே முடிவு பண்ணு."

மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார். குழாயடிக்குப் போனேன். முகத்தைக் கழுவினேன், கண்ணை நன்றாகக் கழுவினேன், முந்தானையால் ஒற்றித் துடைத்தேன். சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. "வரேன், வாங்க" என்று முன்னால் நடந்தேன். முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டது பின்னால் கேட்டது.

பெரியவர் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். தட்டின் ஓரத்தில் அந்தக் கம்பித் துண்டு, நகத்தளவுதான், மினுங்கியது. சுற்றி எல்லா மேசையிலும் கரண்டிகள் நின்றுபோயிருந்தன. வேடிக்கை பார்ப்பதற்கென்றே சிலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

"இவதான் சார்" என்று முதலாளி ஆரம்பித்தார். "எத்தனை தடவ சொல்றது உனக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? சுத்தம்னா என்னன்னு தெரியுமா? இந்த நிமிஷமே…"

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

அவர் வசனத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது.

நான் பெரியவரிடம் சொன்னேன். "ஐயா, உங்களைக் குத்தினது பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். பிஞ்சு போச்சு, புதுசு வேணும்னு மூணு பேரு கேட்டாச்சு, வரல. முதல்ல டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க. அப்புறம் புகார் குடுங்க, குடுக்காம விடாதீங்க. நான் வெங்காயம் நறுக்கறவ. யாரு தட்டுல எது விழுந்தாலும் இவரு என்னைக் கூப்பிட்டு உங்க முன்னாடி வேலைய விட்டு எடுப்பாரு. நான் இப்படிப் போயி, அப்படி வந்து, மறுபடியும் வெங்காயம் நறுக்குவேன்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஆமா, இந்தம்மாவை ஈ விழுந்ததுக்கு எடுத்தீங்களே? நான் அன்னைக்கு வந்திருந்தேன். பாவமா இருந்துச்சு, ராத்திரி பூரா இவங்களையே நெனச்சிட்டிருந்தேன்."

"எங்களுக்குத் தீக்குச்சிக்கு எடுத்தாரு" என்றார் இன்னொருவர். யாரோ சிரித்தார்கள்.

பெரியவரின் மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தோடு நின்றவன், அதை இறக்கிவைக்க அவனுக்கு ஒரு தலை வேண்டும். "அப்போ பாத்திரம் தேய்க்கறது யாரு? அந்த ஆளைக் கூப்பிடுங்க."

"அவளைக் கூப்பிட மாட்டேன்" என்றேன். "வெறும் கையால தேய்க்க முடியுமா? குடுத்த நாரைத்தான் தேய்ச்சா. நார் வாங்கித் தர வேண்டியவரு இதோ நிக்கிறாரு. பாக்கணும்னா உள்ள வந்து எல்லாத்தையும் பாருங்க, கதவு தொறந்துதான் இருக்கு."

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "போதும். நீ போகலாம். இது நாடகம் இல்ல."

பயம் இல்லை என்று சொன்னால் பொய். வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் பேரை இன்னொரு முறை அந்தத் தெருவில் இழுத்துக்கொண்டு நடக்க என்னால் ஆகாது. போவது என்றால் சுத்தமாகப் போக வேண்டும்.

"போறேன். எப்பவும் காரணத்தைச் சொல்லித்தானே எடுப்பீங்க, இப்பவும் சொல்லிட்டு எடுங்க." சமையலறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டேன். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். வந்தாள். தோளைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்தினேன். "இது என் பொண்ணு. பொறந்ததுலேருந்து என் கையால சாப்பிடறவ. இப்போ இவ டப்பாவை ஸ்கூல்ல ஒரு பிள்ளைகூடத் தொட மாட்டேங்குது, உங்க கரப்பான்பூச்சியை நான் வாங்கிக்கிட்டதால. இவ முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. என் கை சுத்தமில்லன்னு எடுக்கறீங்களா, உண்மையைச் சொல்லிட்டேன்னு எடுக்கறீங்களா?"

முதலாளி என் மகளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பெரியவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார்.

"சொல்லுங்க. நாங்களும் கேக்கறோம்."

"சுத்தம்தான்" என்றார் முதலாளி. தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"அவளுக்குக் கேக்கல" என்றேன்.

"கை சுத்தம்தான்மா, நான் எப்போ இல்லன்னு…"

"திட்டும்போது எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தமா சொல்லுங்க. அப்புறம் எடுக்கறதும் வைக்கறதும் உங்க இஷ்டம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கல்லாவில் இருந்தவர், புயல், மாஸ்டர், ஈரக் கையோடு அந்தப் புதுப்பெண், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் அவருடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்தம்மா கை சுத்தம்" என்றார் முதலாளி. "முடி, ஈ, கரப்பான்பூச்சி, கம்பி, எதுவும் இவங்களால இல்ல. எல்லாம் கடையோட தப்பு."

கடைசி மேசை வரைக்கும் கேட்டது.